மருத்துவர் லூக்காவும் ஃப்ளூ காய்ச்சலும்

(வானொலி மறையுரைத் தொடரிலிருந்து. புனித லூக்கா திருவிழாவை ஒட்டி ஒலிபரப்பானது.)



அக்டோபர் 18ஆம் நாள் நற்செய்தியாளர் புனித லூக்காவின் திருவிழா. பவுலடியார் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவில் இவரை அன்புள்ள மருத்துவர் என்று குறிப்பிடுகிறார். லூக்கா மருத்துவர் என்பதற்கு அவர் எழுத்திலேயே சாட்சி இருப்பதாகக் குருமடத்தில் நமக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவர் சொல்வார். கப்பர்நாகூமில் சீமோன் பேதுருவின் மாமியார் படுத்திருந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தேயுவும் மாற்கும் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லூக்கா மட்டும் அது கடுமையான காய்ச்சல் என்று தரம் பிரித்து எழுதுகிறார். காய்ச்சல் என்று வந்தவரிடம், எவ்வளவு, எத்தனை நாளாக என்று கேட்பது வைத்தியரின் பழக்கம் அல்லவா?

அப்படிக் கேட்காமல் விட்டதால் நாம் ஒருமுறை செய்த தவற்றைத்தான் இன்று உங்கள் முன் சொல்லப்போகிறோம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருமல் கேட்கத் தொடங்கும் காலம் இது. அதனால் இந்தப் பேச்சு தள்ளிப்போடக் கூடியதாக இல்லை.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். தவக்காலம். எச்3என்2 என்னும் ஃப்ளூ வகை பரவுகிறது என்று நம் புதுச்சேரி அரசு 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பள்ளிகளை 16ஆம் தேதி முதல் 26ஆம் தேதி வரை மூடியது. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பு, 2022 செப்டம்பரிலும், குழந்தைகளுக்குக் காய்ச்சல் பரவியதால் இதே வகுப்புகளுக்கு 17 முதல் 25 வரை விடுமுறை விட்டார்கள். கொரோனாவின் பயம் இன்னும் மனத்திலிருந்து போகாத நேரம். மார்ச் 4 வரை 79 பேருக்கு எச்3என்2 என்று சுகாதாரத் துறை சொன்னது. அந்த எண்ணிக்கை ஒரு தெருவைத் தாண்டும்போது எழுநூறாகி, நகரின் மறுகோடிக்குப் போய்ச் சேரும்போது மரணக் கணக்காகவே மாறிவிட்டிருந்தது.

அந்த வாரம் பங்குத்தந்தையாகிய நமக்கும் காய்ச்சல் வந்தது. சிலுவைப்பாதைக்கு நிற்க முடியவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி. நம் மேய்ப்புப்பணிப் பேரவை உறுப்பினர் ஒருவர் அலைபேசியில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ இருக்கிறதே, அதிலிருந்துதான் ஃப்ளூ மருந்தையே தயாரிக்கிறார்களாம். ஆகவே அன்னாசிப்பூவைக் கொதிக்கவைத்துக் காலையும் மாலையும் குடித்தால் மருந்துக் கடைக்கே போகவேண்டாம், காய்ச்சல் அடியோடு போய்விடும் என்று இருந்தது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது என்றும் கீழே எழுதியிருந்தது. நாமும் குடித்தோம். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. ஞாயிறு திருப்பலி முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும்போது, நோன்புக் கஞ்சி, அன்பியக் கூட்டம் ஆகியவற்றுக்கு நடுவே இதையும் வாசித்தோம். நமக்கே குணமானது என்று ஒரு வார்த்தை கூடுதலாகவும் சேர்த்தோம்.

அடுத்த வாரம் கோவிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருக்கும் ஒரு பாட்டியம்மாவை 108 வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எழுபது வயதுக்கு மேல். பல வருடங்களாகச் சர்க்கரை நோய். நுரையீரலில் சளி கட்டி நிமோனியா ஆகியிருந்தது. நாம் நோயில்பூசுதல் எண்ணெயோடு மருத்துவமனைக்குப் போனோம். மூச்சுக்குழாய் முகமூடியை ஒரு கையால் விலக்கிவிட்டு அந்த அம்மா சொன்னார்: “சாமி, நீங்க மைக்குல சொன்னதைத்தான் செஞ்சேன். ஆறு நாளும் ஒரு வேளை தவறாம குடிச்சேன். டாக்டருகிட்ட போகலாம்னு புள்ள கூப்பிட்டான். சாமியே சொல்லியிருக்காரு, எதுக்குடான்னு நான்தான் போகல.”

அதைக் குறையாகச் சொல்லவில்லை அவர். சொன்னபடி நடந்துகொண்டேன் என்று பெருமையாகச் சொன்னார். நேயர்களே, அந்தக் கட்டிலருகே நின்ற நேரத்தை நாம் இன்றும் மறக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து அவர் வீடு திரும்பியது இறைவனின் இரக்கம், மருத்துவர்களின் உழைப்பு. மகன் நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சரி, அந்தச் செய்தி பொய்யா? அங்கேதான் சிக்கல். முழுப் பொய்யாக இருந்தால் நாமே சிரித்துவிட்டு விட்டிருப்போம். அதில் பாதி உண்மை.

அதைப் புரிந்துகொள்ள ஃப்ளூ என்றால் என்ன என்று முதலில் கொஞ்சம் பார்ப்போம். இன்ஃபுளுவென்சா என்பது இத்தாலிய மொழிச் சொல். செல்வாக்கு, தாக்கம் என்று பொருள். விண்மீன்களின் தாக்கத்தால் இந்த நோய் இறங்குகிறது என்று பழங்காலத்து இத்தாலியர் நம்பியதால் வந்த பெயர். நம் ஊரில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெரியவர்கள் இதைக் கிரிப் என்பார்கள். அது பிரெஞ்சுப் பெயர். விண்மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியே காரணம் என்று 1933இல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்ற மூன்று ஆய்வாளர்கள் ஃபெரட் என்னும் சிறு விலங்கைக் கொண்டு காட்டினார்கள். அந்தக் கிருமி பாக்டீரியா அல்ல, வைரஸ்.

இந்த வைரஸின் மேற்பரப்பில் இரண்டு விதமான புரதங்கள் முட்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கு எச் என்று பெயர். அது நம் மூக்கு, தொண்டை, நுரையீரல் அணுக்களின் கதவைத் திறக்கும் சாவி. மற்றொன்று என். உள்ளே போன வைரஸ் பல்கிப் பெருகியபின் அணுவிலிருந்து அறுத்துக்கொண்டு வெளியேற உதவும் கத்தரிக்கோல் அது. எச் மூன்றாவது வகை, என் இரண்டாவது வகை என்றால் எச்3என்2. நாம் பன்றிக் காய்ச்சல் என்று சொல்வது எச்1என்1. (2009இல் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு நம்மவர்கள் பலர் பன்றிக்கறி வாங்குவதையே நிறுத்தினார்கள். நன்றாக வேகவைத்த கறியால் அந்தக் காய்ச்சல் வருவதில்லை. பெயர் செய்த வேலை அது.) இந்த முட்கள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உருமாறிக்கொண்டே இருக்கும். ஒருமுறை ஃப்ளூ வந்தவருக்கு மறுபடியும் வருவது அதனால்தான்.

இனி அன்னாசிப்பூவுக்கு வருவோம். ஓசெல்டாமிவிர் என்று ஒரு மருந்து இருக்கிறது; டாமிஃப்ளூ என்ற பெயரில் பலருக்குத் தெரியும். வைரஸ் வெளியேறப் பயன்படுத்தும் அந்தக் கத்தரிக்கோலை, என் புரதத்தை, அது முடக்குகிறது. வைரஸ் ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவுக்குத் தாவ முடியாமல் போகிறது. ஆகையால்தான் நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம் என்கிறார்கள். இந்த மருந்தைத் தயாரிக்கத் தொடக்கப் பொருளாக ஷிக்கிமிக் அமிலம் தேவை. அந்த அமிலம் அன்னாசிப்பூவில் நிறைய இருக்கிறது. 2005இல் பறவைக் காய்ச்சல் பயம் வந்தபோது சீனாவின் அன்னாசிப்பூவுக்கு உலகச் சந்தையில் தட்டுப்பாடே ஏற்பட்டது. இதுவரை உண்மை.

ஆனால் ஷிக்கிமிக் அமிலம் ஃப்ளூ மருந்து அல்ல. தொழிற்சாலையில் அதைப் பல கட்டங்களாக வேதி மாற்றம் செய்த பிறகே ஓசெல்டாமிவிர் கிடைக்கிறது. முதலியார்பேட்டை ஆலைகளில் வேலை பார்த்த நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பஞ்சிலிருந்துதான் வேட்டி வருகிறது. அதற்காகப் பஞ்சுப் பொதியை இடுப்பில் சுற்றிக்கொண்டு திருவிழாவுக்கு வர முடியுமா? நூற்க வேண்டும், நெய்ய வேண்டும், வெளுக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். சாப்பிடும் அன்னாசிப்பூவைப் போலவே இருக்கும் ஜப்பானிய வகை ஒன்று உண்டு, அது நஞ்சு. உலர்ந்தபின் இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். பிரியாணிக்கு இரண்டு பூ போடுவதற்கும், ஆறு நாள் கைநிறைய அள்ளிக் காய்ச்சிக் குடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அப்படியானால் நமக்கு ஏன் குணமானது?

இந்தக் கேள்வியை நாம் கேட்டிருக்க வேண்டும். கேட்கும் பயிற்சியும் நமக்குத் தரப்பட்டிருந்தது. இறையியல் படிக்கும்போது, புதுமைகளைத் திருச்சபை எப்படி ஆராய்கிறது என்று ஒரு பாடம் உண்டு. பின்னாளில் பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையான புரோஸ்பெரோ லம்பெர்த்தினி 18ஆம் நூற்றாண்டிலேயே இதற்கான அளவுகோல்களை எழுதிவைத்தார். நோய் கடுமையானதாக இருக்கவேண்டும். தானாகவே தணியும் கட்டத்தில் இருந்திருக்கக் கூடாது. குணம் மருந்தால் வந்ததாக இருக்கக் கூடாது. உடனே, முழுமையாக, நிலையாகக் குணமாகியிருக்க வேண்டும். லூர்து நகரில் 1883 முதல் மருத்துவ அலுவலகம் ஒன்று இருக்கிறது. எந்த மதத்தைச் சேர்ந்த மருத்துவரும், நம்பிக்கையற்றவரும்கூட, அங்கே ஆவணங்களை ஆராயலாம். குணமடைந்ததாக வந்து பதிந்தவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். அவற்றில் புதுமை என்று ஆயர்கள் அறிவித்தவை எழுபதைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நம் வில்லியனூர் லூர்து அன்னையிடம் நடந்து போகிறோமே, அந்த அன்னையின் பெயரால் வரும் சாட்சியத்தையே திருச்சபை இவ்வளவு சலித்துப் பார்க்கிறது. அலைபேசியில் யார் அனுப்பியது என்றே தெரியாத ஒரு குணமாக்கலை நாம் பீடத்தருகே நின்று அறிவித்தோம்.

லம்பெர்த்தினியின் இரண்டாவது அளவுகோலிலேயே நம் அன்னாசிப்பூ தோற்றுவிடும். ஃப்ளூ பெரும்பாலோருக்குத் தானாகத் தணியும் நோய். கிருமி உடலில் புகுந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் திடீரென்று காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, தொண்டை வலி, வறட்டு இருமல் எல்லாம் சேர்ந்து வரும். சாதாரண ஜலதோஷம் மெல்ல மெல்ல ஏறும். ஃப்ளூ வந்த நேரத்தையே சொல்லிவிடலாம், அப்படி வந்து சாய்க்கும். மூன்று முதல் ஐந்து நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். நாம் மூன்றாம் நாள் அன்னாசிப்பூ குடித்தோம், ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் மோர் குடித்திருந்தாலும் ஐந்தாம் நாள் விட்டிருக்கும். தானாகப் போகிற நோய்க்குக் கடைசியாக எதைச் சாப்பிட்டோமோ அதற்குத்தான் பெயர் கிடைக்கிறது. ஊரில் உலவும் கைகண்ட மருந்துகள் பலவற்றின் கதை இதுதான்.

இஞ்சி, துளசி, சுக்குக் காபி, ரசம் எல்லாம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர். பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்யும் கூட்டத்தில் நாம் இல்லை. பாட்டி வைத்தியம் மருத்துவரிடம் போகாதே என்று எங்கே சொன்னது? அந்த ஒரு வரியைச் சேர்த்தவர்கள் இந்தக் காலத்தவர்கள்.

மாத்திரை விஷயமும் இப்படித்தான். மருந்துக் கடையில் நின்று, காய்ச்சல் என்று சொல்லி, அசித்ரோமைசினோ அமாக்சிசிலினோ வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அவை பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்குகள். வைரஸை ஒன்றும் செய்யாது. 2023 மார்ச் மாதத் தொடக்கத்திலேயே இந்திய மருத்துவச் சங்கம், இந்தக் காய்ச்சலுக்கு இப்படி ஆன்டிபயாட்டிக் சாப்பிடாதீர்கள் என்று பெயர் குறிப்பிட்டே அறிக்கை விட்டது. தேவையில்லாமல் சாப்பிட்டால், நாளைக்கு உண்மையாகவே தேவைப்படும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகும். ஃப்ளூவைத் தொடர்ந்து நுரையீரலில் பாக்டீரியா தொற்றினால் மருத்துவரே அதை எழுதிக் கொடுப்பார். வீட்டில் செய்யக்கூடியது ஓய்வு, நிறைய நீர் ஆகாரம், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். குழந்தைகளுக்கும் இளம் பிள்ளைகளுக்கும் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிதான, ஆபத்தான நோய் ஒன்றுக்கு அது வழிவிடும். மேலும் மழைக்காலக் காய்ச்சல் எல்லாம் ஃப்ளூ என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் இதே நேரத்தில் டெங்குவும் வரும். இருமல், சளி இல்லாமல் கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பில் தடிப்பு என்றால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே கவனமாக இருக்கவேண்டிய நேரம்.

தானாகப் போகும் நோய் என்று சொன்னோம். பெரும்பாலோருக்கு என்றும் சொன்னோம். அந்தச் சொல்லைத் தவறவிட்டுவிடாதீர்கள். 1918இல் பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கிய ஃப்ளூ நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கும் மேலாகக் கொண்டுபோயிற்று. பாத்திமா அன்னையைக் கண்ட மூன்று சிறாரில் இருவர், பிரான்சிஸ்கோவும் ஜசிந்தாவும், அந்தக் கொள்ளைநோயில்தான் விழுந்தார்கள். 1919 ஏப்ரலில் பிரான்சிஸ்கோ இறந்தபோது வயது பத்து. ஜசிந்தா நெஞ்சில் சீழ் கட்டி, 1920 பிப்ரவரியில் லிஸ்பன் மருத்துவமனையில், அம்மா பக்கத்தில் இல்லாமல், ஒன்பது வயதில் இறந்தாள். 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் புனிதர்களாக அறிவித்தபோது நாம் எல்லாரும் கொண்டாடினோம். அவர்கள் எதனால் இறந்தார்கள் என்று அன்றைக்கு நாம் மறையுரையில் சொன்னதாக நினைவில்லை.

1957இல் மறுபடி ஒரு புதிய ஃப்ளூ வந்தது. சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த கப்பல் வழியாகச் சென்னைக்குள்தான் அது முதலில் நுழைந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அதை ஆராய்ந்தார்கள். நாடெங்கும் 44 லட்சம் பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டதாகவும் ஆயிரத்துக்குச் சற்று அதிகமானோர் இறந்ததாகவும் கணக்கில் பதிவாயிற்று. பதிவாகாதவை எத்தனையோ. பிரெஞ்சு ஆட்சி நம் ஊரைவிட்டுப் போய் மூன்று ஆண்டுகூட முழுதாக ஆகாத நேரம் அது.

ஆக யாருக்கு ஆபத்து? அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், சர்க்கரை, இருதயம், சிறுநீரகம், ஆஸ்துமா என்று ஏற்கெனவே நோய் உள்ளவர்கள். இவர்களுக்குக் காய்ச்சல் என்றால் மூன்று நாள் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. முதல் நாளே மருத்துவரிடம் காட்டவேண்டும். அந்த 48 மணி நேரக் கணக்கு இவர்களுக்காகத்தான். மற்றவர்களும், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால், உதடு நீலம் பாய்ந்தால், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், விட்ட காய்ச்சல் இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினால் அந்த நேரத்திலேயே போகவேண்டும். இரவு என்று பார்க்காதீர்கள். 108 இரவிலும் வரும்.

தடுப்பூசி பற்றிப் பலர் கேட்கிறீர்கள். ஃப்ளூவுக்குத் தடுப்பூசி உண்டு. வைரஸ் உருமாறுவதால், எந்தெந்த வகைக்கு எதிராக அதைத் தயாரிக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது. அதனால் ஆண்டுதோறும் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டவருக்கு ஃப்ளூவே வராது என்றில்லை. வந்தாலும் மருத்துவமனைவரை போகும் அளவுக்கு முற்றுவது குறையும். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை, விலையும் கொஞ்சம் கூடுதல்தான். வீட்டில் வயதானவரோ சர்க்கரை நோயாளியோ இருந்தால், பிறந்தநாள் கேக்குக்குச் செலவழிப்பதை ஒருமுறை இதற்குத் திருப்பலாம். எந்த மாதம் போடுவது நல்லது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நம்மிடம் கேட்காதீர்கள்.

இனி, எந்தச் செய்தியை நம்புவது? இதற்கும் லூக்காவிடமே போவோம். தம் நற்செய்தியின் முதல் நான்கு வசனங்களில் தாம் எப்படி எழுதினார் என்று அவரே விளக்குகிறார். நேரில் கண்டவர்களிடமிருந்து வந்ததைத் தொடக்கத்திலிருந்தே கருத்தாய் ஆய்ந்து, முறைப்படுத்தித் தியோபிலுக்கு எழுதுவதாகச் சொல்கிறார். கேட்டதை அப்படியே கடத்தவில்லை. யார் கண்டது என்று கேட்டார். நம் கைக்கு வரும் செய்தியிடமும் அதைத்தான் கேட்கவேண்டும். வெளிநாட்டு விஞ்ஞானிகள் என்றால் எந்த நாடு, எந்த நிறுவனம், யார்? ஒரு பெரிய மருத்துவமனையின் டாக்டர் பேசுகிறார் என்று குரல்பதிவு வந்தால், அந்த மருத்துவமனை தன் பெயரில் அதை வெளியிட்டிருக்கிறதா? எந்தத் தேதி? 2020இல் கொரோனாவுக்காகச் சொன்னது 2023இல் எச்3என்2 என்ற புதுச் சட்டையோடு திரும்பி வந்ததை நாமே பார்த்தோம். தேதியில்லாத செய்தி, தேதியில்லாத ஞானஸ்நானச் சான்றிதழ் மாதிரி. எந்த ஆயர் அலுவலகமும் ஏற்காது.

இன்னொரு அடையாளமும் உண்டு. அனுபவத்தில் நாம் கண்டது. நம்பத்தக்க மருத்துவத் தகவல் எப்போதும் தன் எல்லையைத் தானே சொல்லும். இது இன்னாருக்கு ஆகாது, இத்தனை நாளில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போ, இந்த அறிகுறி வந்தால் உடனே போ என்று அதில் ஒரு வரி இருக்கும். நாம் வாசித்த அந்த அன்னாசிப்பூ அறிவிப்பைப் பின்னால் எடுத்துப் பார்த்தோம். சர்க்கரை நோயாளி என்ன செய்வது என்று ஒரு சொல் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டாம் என்பது மட்டும் இரண்டு இடத்தில் இருந்தது.

கேட்பதற்கு ஆள் இல்லாத ஊரில் நாம் இல்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்ததுதான் கோரிமேட்டு ஜிப்மர். கடற்கரைப் பக்கம் அரசுப் பொது மருத்துவமனை, எல்லைப்பிள்ளைச்சாவடியில் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை இருக்கின்றன. இவற்றுக்கும் முன்னால், உங்கள் பகுதியிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வீடு வீடாக வரும் செவிலியரைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வாசலோடு அனுப்பிவிட்டு, முகம் தெரியாதவர் அனுப்பிய குரல்பதிவை மூன்று முறை போட்டுக் கேட்கிறோம். புதுச்சேரி சுகாதாரத் துறையின் அறிவிப்பு, தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார நிறுவனம் ஆகியவை தங்கள் பெயரிலேயே பேசுகின்றன. தவறானால் திருத்தியும் வெளியிடுகின்றன. இணையத்தில் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் பெரியவர்களுக்கு அதைத் தமிழில் சொல்லிக் கொடுக்கலாம். பிள்ளைகள் தாத்தா பாட்டிக்குச் செய்யும் இந்த உதவிக்கு நம் மறைக்கல்வி வகுப்பில் தனியாக ஒரு நாளே ஒதுக்கலாம் என்று மறைக்கல்வி ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

கோவில் காரியங்கள் சில பாக்கி. காய்ச்சலோடு ஞாயிறு திருப்பலிக்கு வந்தே ஆகவேண்டும் என்று நினைப்பவர்கள் நம் பங்கில் நிறையப் பேர், முக்கியமாக வயதானவர்கள். நோயுற்றவருக்கும் கைக்குழந்தையைக் கவனிப்பவருக்கும் அந்தக் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே, தொடங்கி ஐந்தாறு நாள் வரைக்கும் மற்றவருக்குத் தொற்றும். குழந்தைகளிடமிருந்து இன்னும் கூடுதல் நாள். பக்கத்து இருக்கையில் யாருக்கு இருதயநோய் என்று நமக்குத் தெரியாது. வரவேண்டிய கட்டாயம் இருந்தால் முகக்கவசம் அணியுங்கள், தும்மும்போது முழங்கையை மடித்து மூடுங்கள். இந்த மழைக்காலம் முடியும்வரை சமாதான வாழ்த்தைக் கைகூப்பியே சொல்வோம். அதுதான் நம் முறையும்கூட. வெள்ளிக்கிழமை நோன்பு பற்றியும் ஒரு பாட்டி கேட்டார். அறுபது வயது தொடங்கியவருக்கு நோன்புக் கடமை இல்லை. நோயாளிக்கு எந்த வயதிலும் இல்லை. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஒறுத்தல் செய்ய வேண்டாம்.

அறிவிப்புகளுக்கும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். உடல்நலம் பற்றிய எந்தச் சீட்டும் நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடாமல் ஒலிபெருக்கிக்கு வராது. போன மாதம் பேரவையில் ஒருவர் கொண்டுவந்த சீட்டை அவர் திருப்பிக் கொடுத்தார். கொண்டுவந்தவருக்குக் கொஞ்சம் வருத்தம். அந்தச் சீட்டைப் போய்க் கேட்டு வாங்கிப் பார்த்தோம். 2019ஆம் ஆண்டுச் செய்தி.

நற்கருணை வீட்டுக்கு வேண்டுவோர் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் உபதேசியாரிடம் சொல்லி அனுப்புங்கள். வீட்டில் காய்ச்சல் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு வருவோம், தப்பாக நினைக்கவேண்டாம்.